ஏழாவது ஓட்டை

அந்த ஏப்ரனில் பதினொரு பாக்கெட்டுகள் இருந்தன. ஸ்க்ரூடிரைவருக்கு ஒன்று, கட்டிங் பிளேயருக்கு ஒன்று, அளவு நாடாவுக்கு ஒன்று என்று நிரப்பிக்கொண்டே போனபிறகும் நாலு மிச்சம். அவற்றில் முறுக்கு வைத்துக்கொண்டேன். போனில் ஆர்டர் போட்ட சாமான் மலையேறி வந்து சேர ஒன்பது நாள் ஆனது. கெட்டிக் காக்கித் துணி, தோல் வார், பித்தளைக் கொக்கி. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, ஐம்பத்திரண்டு வயது வரை என்னால் ஒரு பல்பைக்கூட ஒழுங்காக மாட்ட முடியாமல் போனதன் காரணம் விளங்கியது. ஏப்ரன் இல்லை. அவ்வளவுதான்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, திருவிழாவுக்கு வேசம் கட்டிட்டீங்களா?"

அவள் கிண்டலுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் வாசல் கதவு உப்பிப்போய் மூட மறுத்தது. எங்கள் மலையில் ஐப்பசி வந்தால் எல்லாக் கதவும் உப்பும், தை பிறந்தால் தானாகவே சுருங்கும். எல்லோரும் மூன்று மாதம் கதவைத் தோளால் இடித்து மூடிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். நான் பேசாமல் இருக்கவில்லை. இழைப்புளி வாங்கி இழைத்தேன். தையில் கதவு சுருங்கியபோது, மூடிய கதவின் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனை நின்றபடியே உள்ளே வந்தது.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். பெருமாள்மலைக்குக் கீழே ஏழே வீடுகள் கொண்ட ஒரு சரிவில், மாமனார் கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை. அதனால் அந்தச் சரிவில் எனக்குப் பெயர் கிடையாது. என்னைவிடச் சின்னவன்கூட "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவான்.

ஏழு வீட்டுக்கும் தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. மேலே சோலைக்குள் ஊற்றுக் கண்ணை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி. அதன் சுவரில் கீழிருந்து மேலாக ஏழு ஓட்டைகள். ஓட்டைக்கு ஒரு கறுப்பு ஓஸ் குழாய். ஏழும் சேர்ந்து பாறைமேல் ஏறி, வேருக்கடியில் நுழைந்து, முக்கால் கிலோமீட்டர் இறங்கி, கடைசியில் பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போகும். மோட்டார் இல்லை, கரண்டு இல்லை. இறக்கம்தான் இழுக்கிறது.

ஓட்டையில்தான் எல்லாம் இருக்கிறது. அடி ஓட்டையில் மண்டி வரும், வயலுக்குத்தான் ஆகும். இரண்டாவது ஓட்டை ராஜ ஓட்டை. மண்டியும் வராது, சித்திரையில் தொட்டித் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கினாலும் நிற்காது. மேலே போகப் போகக் கோடையில் சீக்கிரம் காயும். ஏழாவது ஓட்டை பங்குனியிலேயே காற்றை ஊத ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது ஓட்டை எங்களுடையது. மாமனார் தொட்டி கட்டியபோது கல் சுமந்து சம்பாதித்தது. அவர் மகளுக்கு விட்டுப்போன சொத்துகளில் வீடு, ஓட்டை, நான் என்று மூன்றைச் சொல்லலாம். மதிப்பும் அதே வரிசைதான்.

ஏழு ஓட்டைக்கும் சேர்த்து ஒரே ஒரு சட்டம். அடுத்த வீட்டு ஓஸில் கை வைத்தவனுடைய ஓஸ் ஏழாவது ஓட்டைக்குப் போகும். யாரும் எழுதி வைக்கவில்லை. மறக்கவும் இல்லை.

எந்த ஓஸ் யாருடையது என்று தெரிவதற்குப் நூறடிக்கு ஒரு துணி கட்டியிருப்பார்கள். ஒரு வீட்டுக்குச் சிவப்பு, ஒரு வீட்டுக்குப் பழைய வேட்டிக்கரை. எங்கள் வீட்டுக்கு நீலப் பூப்போட்ட நைட்டித் துணி. ஏப்ரன் வந்த மறுநாள் அந்தக் காட்சி என் கண்ணை உறுத்தியது. ஃபைல்களுக்கு எண் ஒட்டியே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். காட்டுக்குள் ஏழு வீட்டு உள்விவகாரங்களும் கந்தல் கந்தலாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஒரு சனிக்கிழமை முழுக்க ஏறி இறங்கி அத்தனை துணியையும் அவிழ்த்து, காகித டேப்பைச் சுற்றி, அழியாத மை என்று அட்டையில் போட்டிருந்த பேனாவால் ஒன்று முதல் ஏழு வரை எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பூண்டு விவசாயம் செய்கிற பெரியவர் ஒருவர்தான் ஊற்றைக் கவனித்துக்கொள்பவர். அவர் இறங்கி வந்து பார்த்தார்.

"துணி என்ன பாவம் பண்ணுச்சு மாப்ளே?"

"இது விஞ்ஞான முறை மாமா."

"பனியில நிக்குமா?"

"அழியாத மை."

"சரித்தான். நான் அஞ்சு. அதையாவது மறக்காம இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் மூடுபனி. வீட்டு வேலையைத் தானே செய்யக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு குறிப்பு: அழியாத மை என்பது சென்னைக்கு. எங்கள் பனி அதைக் குடித்துவிட்டது. டேப்பும் நனைந்து உரிந்து விழுந்தது. இப்போது காட்டுக்குள் ஏழு ஓஸ், ஏழும் கறுப்பு, ஏழும் சுத்தம். யாரும் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பெயிண்டில் எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

அதற்குள் சனிக்கிழமையே எங்கள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

போனைப் பார்த்தேன். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மொழியில் ஒருவர், இறக்கத்தில் வரும் குழாய் மேடேறும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும், அங்கே அறுத்துக் காற்றை வெளியேற்றினால் தீர்ந்தது என்று படம் போட்டுக் காட்டினார். அவரும் ஏப்ரன் போட்டிருந்தார். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

"ஏங்க, முதல்ல தொட்டிக்குப் போயி ஓஸ் வாயப் பாருங்க. இல தழ அடைச்சிருக்கும்" என்றாள் மனைவி.

"காத்து அடைச்சிருக்கு. தொட்டி வரைக்கும் போற சோலியே இல்ல. பாறைகிட்டயே முடிச்சிருவேன்."

"அடுத்த ஓஸத் தொட்டுறாதீங்க. எங்கப்பா ஓட்ட அது."

"எனக்கு எண் தெரியும்" என்றேன். அது உண்மைதான். எண் தெரியும். ஓஸ்தான் தெரியாது.

பாறை மேட்டில் மூடுபனி. ஏழு ஓஸ் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. எங்களுடையது இடமிருந்து மூன்றாவது என்று ஒரு நினைவு. ஆக்ஸா பிளேடை எடுத்து அறுத்தேன். பாதி அறுத்ததுமே தண்ணீர் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. ஓடுகிற ஓஸ்! யார் வீட்டுடையதோ!

அந்த நிமிடத்தில் என் உடம்பு செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கட்டைவிரலால் அடைத்தேன். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கே போனபிறகுதான் கட்டைவிரலும் என்னோடு வந்துவிட்டது தெரிந்தது. திரும்பி ஓடி வந்து மறுபடி அடைத்தேன். தண்ணீர் சத்தம் பெருமாள்மலை பஸ் நிறுத்தம் வரை கேட்கும் என்று தோன்றியது. "ஸ்ஸ்ஸ்" என்று அதை அடக்கினேன். வாய்விட்டுத்தான்.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. ஒன்று அறுத்தாகிவிட்டது, வந்த காரியத்தையும் முடிப்போம் என்று அடுத்ததையும் அறுத்தேன். அது வறண்டு கிடந்தது. எங்களுடையது! ஊதினேன், உறிஞ்சினேன், ஓர் அட்டைப்பூச்சி மட்டும் என் உதட்டைத் தேடி வந்தது. காற்று போயிருக்கும் என்று நானே தீர்மானித்து, பாதியில் நின்ற முதல் ஓஸையும் முழுக்க அறுத்து, பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரில் ஓஸ் நுனிகளை முக்கி இளக்கி, ஜாயின்ட் செருகி, கட்டுக்கம்பியால் முறுக்கி, மேலே பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றினேன். இரண்டையும் முடித்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வீட்டுக்கு வந்தால் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது.

மனைவி குழாயைப் பார்த்தாள், ஏப்ரனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பரவால்லியே" என்றாள்.

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல்லை அவள் என்மேல் முதன்முறையாகப் பிரயோகித்தாள். அன்று மாலையே அவள் தம்பிக்குப் போன் போட்டு, "உங்க அத்தான் ஓஸச் சரி பண்ணிட்டாருடா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழும்படியாக நானும் நின்றிருந்தேன்.

மறுநாள் காலை கடைசி வீட்டு அக்கா வெள்ளனே குடத்தோடு வந்து நின்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறு பிள்ளையாக வந்தவர். இங்கேயும் எஸ்டேட்டில் காபி பறிக்கிறார். குழாயை இன்றைக்கும் பீலி என்றுதான் சொல்வார்.

"தம்பி, நேத்து மதியத்திலேருந்து எங்க பீலியில சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு கொடம் புடிச்சுக்கிறேன்."

நேற்று மதியம்! வாயிலிருந்த காபி மூக்குக்குப் போனது. இரண்டை அறுத்தேன், நாலு நுனி இருந்தது, இந்த மேல்நுனியை எந்தக் கீழ்நுனியில் செருகினேன்? மாற்றிச் செருகிவிட்டேன். அவருடைய தண்ணீர் என் வீட்டில் கொட்டுகிறது. என் வறண்ட ஓஸ் அவர் வீட்டில் கொட்டாவி விடுகிறது.

"ஓஸ் வாயப் போயிப் பாத்தேன் தம்பி. வாயில தண்ணி நல்லா உள்ள போகுது. வீட்டுக்கு வரல. நடுவுல எங்கயோ போகுது. புடிச்சுப் பாத்து வரலாம்னா எல்லா ஓசும் ஒண்ணு போல கெடக்கு. நீங்கதான நம்பர் போட்டீங்க, எங்கது எது?"

"ஏழு" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"நம்பரையே காணோமே."

"பனி."

"ஆமா, பனி" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய தண்ணீரையே என் குழாயில் பிடித்து, "புண்ணியமாப் போவீங்க" என்று எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே போய் மாற்றியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்பதற்கு நான் பல காரணங்கள் வைத்திருந்தேன்: மழை, ஆபீஸ், முதுகு. ஒன்றும் உண்மை இல்லை. மாற்றினால் எங்கள் குழாய் மறுபடி நிற்கும். "பரவால்லியே" போய்விடும். தெரிந்துவிட்டாலோ மாமனாரின் ஓட்டையே போய்விடும். ஆகவே எட்டு நாள், நான் ஒரு திருடனுக்குரிய சகல மரியாதையோடும் நடந்துகொண்டேன். அந்த அக்கா வந்தால் குடத்தை வாங்கி நானே பிடித்தேன். இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வீடு வரை போய் இறக்கிவைத்தேன். மூன்றாம் நாளே சரிவு முழுக்க என் நல்ல குணத்தைப் பற்றிப் பேச்சு.

"மாப்ள மாதிரி மனுசன் வருமா?" என்று பூண்டுக்காரப் பெரியவர் சொன்னாராம். கேட்டபிறகு நாளுக்கு இரண்டு குடம் சுமந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த அக்கா குடத்தை இறக்கிவைத்து நிதானமாகச் சொன்னார்.

"நாளைக்கு ஊத்துல சேறு வாருறாங்கல்ல தம்பி. எட்டு மணிக்கு என் ஓஸ் வாயில கால் கிலோ மஞ்சத்தூள் கரைச்சு விடப்போறேன். எல்லா வீட்டுலயும் ஒராளு பீலியத் தொறந்து வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லியாச்சு. எங்க மஞ்சளா வருதோ, அங்க இருக்கு என் தண்ணி. நாங்க தோட்டத்துல அப்படித்தான் கண்டுபுடிப்போம்."

கோயிலில் ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத் தலையாட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நான் அப்போதே ஆட்டிவிட்டேன். "நல்ல யோசனைக்கா" என்றேன்.

ஞாயிறு விடிந்ததும் ஏப்ரனை மாட்டிக்கொண்டு பாறைக்கு ஓடினேன். எட்டுக்குள் மாற்றிவிட வேண்டும். பாறை வளைவில் காட்டுமாடு நின்றது. ஒன்றல்ல, நாலு. பெரியது என் பச்சை டேப்புக்கு மேலேயே காலை வைத்துக்கொண்டு அசைபோட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்சம் முறுக்கை எறிந்து பார்த்தேன். அது முறுக்கையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஆபீசில் மேலதிகாரி பார்க்காமல் இருப்பது போலவே இருந்தது. ஏழே முக்காலுக்குத் திரும்பிவிட்டேன்.

வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக் காவலை ஏற்றுக்கொண்டேன். மனைவியும் ஊற்றுக்குப் போகவில்லை. "வயித்து வலிக்காரரத் தனியா விட்டுட்டா போக முடியும்?" என்று குழாய்க்கு நேராக முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் முக்கால் கிலோமீட்டர் இறங்கிவர அரை மணியாவது ஆகும். எட்டேகால். தண்ணீர் வெள்ளை. எட்டரை. வெள்ளை. ஒருவேளை நான் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேனோ என்றுகூட ஒரு நம்பிக்கை வந்தது.

எட்டு முப்பத்தெட்டுக்குக் குழாய் ஒருமுறை இருமியது. பிறகு தங்கமாகக் கொட்டியது.

அவள் கையை நீட்டி உள்ளங்கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"ஊத்திவிட்ரலாம்" என்றேன் அவசரமாக. "நமக்கு மட்டுந்தான் தெரியும். ஒரு வாளி கீழே ஊத்தினா முடிஞ்சுது. எங்கயும் வரலன்னு சொல்லிருவோம். நாளைக்கு நான் வெரசாப் போய் மாத்திடுறேன். உங்கப்பா ஓட்டைடி!"

மஞ்சள் வெளிறிக்கொண்டு வந்தது. அவள் யோசித்தாள் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கல் சுமந்தது அவள் அப்பா. பிறகு எழுந்து, தூக்குவாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.

"எட்டு நாளா அந்தக்கா தண்ணிய அந்தக்காவுக்கே தூக்கிட்டுப் போயி ஊத்தியிருக்கீங்க. வெக்கமா இல்ல? கெளம்புங்க. அந்த ஏப்ரனையும் போட்டுக்கங்க."

ஊற்றடியில் ஆறு வீட்டு ஆட்களும் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். மனைவி தூக்குவாளியைத் தொட்டி விளிம்பில் வைத்து மூடியைத் திறந்தாள். பெரியவர் விரல் விட்டுப் பார்த்தார்.

"உப்பு, புளி போட்டா கொழம்பு வச்சிரலாம் மாப்ளே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு, கட்டைவிரல், மரத்துக்குப் பின்னால் ஒளிந்தது வரை. சிரிப்பார்கள், சிரித்தால் தப்பிக்கலாம் என்று கொஞ்சம் நடித்தும் காட்டினேன். சிரித்தார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே தொட்டிக்குள் கையை விட்டு எங்கள் ஓஸ் வாயில் மாட்டியிருந்த டீ வடிகட்டியை உருவினார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இலை ஒட்டிக் கிடந்தது. எடுத்து என் ஏப்ரனின் காலிப் பாக்கெட் ஒன்றில் போட்டார்.

"இந்தாரும் உம்ம காத்து."

பிறகு தலையைச் சொறிந்தார். "சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஆனா மாப்ள தெரியாமப் பண்ணினது..." இன்னும் இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாப்பிள்ளை என்ற பட்டத்தை அவ்வளவு நேசித்த நேரம் என் வாழ்க்கையில் வேறில்லை.

"மொத நாளு தெரியாம. மத்த ஏழு நாளு?" என்றாள் மனைவி. "எங்க ஓஸ உருவி ஏழுல மாட்டுங்க."

அப்போதுதான் அந்த அக்கா வாயைத் திறந்தார்.

"அப்ப நான் எங்க போறது?"

யாருக்கும் புரியவில்லை.

"ஏழாவது ஓட்ட தப்புப் பண்றவங்களுக்குன்னு சொல்றீங்க. இருவது வருசமா நான்தான அதுல கெடக்கேன். நான் யாரு ஓஸ அறுத்தேன்?"

மண்வெட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மண்ணை ஆராய்ந்தன. கடைசியாக வந்த வீடு, காலியாக இருந்த ஓட்டை அதுதான், கொடுத்தோம் என்று பெரியவர் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். பங்குனி, சித்திரை தோறும் அந்த அக்கா வீடு வீடாகக் குடத்தோடு போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாங்கக்கா, பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லியும் இருக்கிறோம். எட்டு நாள் மட்டும் திருடியவன் நான். மற்றவர்களுடைய கணக்கை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

"ரெண்டுல நீங்க மாட்டுங்கக்கா" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொட்டியில் எங்கள் ஓஸும் அந்த அக்காவின் ஓஸும் ஓட்டை மாறின. காட்டுமாடுகள் நகர்ந்தபிறகு என் பச்சை டேப்பைப் பெரியவரே பிரித்து ஓஸ்களைச் சரியாக மாட்டினார். "ஜாயின்ட் மட்டும் அருமையாப் போட்டிருக்கீரு" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. ஏழு ஓஸுக்கும் மறுபடி துணி கட்டும் வேலை எனக்கு. மற்ற ஆறு வீட்டிலும் பழைய துணி கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மனைவி கத்தரிக்கோலை எடுத்து அந்த ஏப்ரனை, வாரை மட்டும் விட்டுவிட்டு, விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டிக் கொடுத்தாள். பதினொரு பாக்கெட்டும் இப்போது சோலைக்குள் நூறடிக்கு ஒன்றாகப் படபடக்கிறது. கெட்டித் துணி. பனியில் ஒன்றும் ஆகவில்லை.

பங்குனி பிறந்ததும் எங்கள் குழாய் காற்றை ஊத ஆரம்பித்தது. மனைவி என்னிடம் குடத்தை நீட்டினாள். கடைசி வீட்டுக்குப் போனேன். அங்கே தண்ணீர் தடித்த தாரையாக, வெள்ளையாக, அவசரமே இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"கொடத்த பீலிக்குக் கீழ வைங்க தம்பி" என்றார். "வேற எதுலயும் கை வைக்காதீங்க."